ஆயிரங்கால் தூண்டிலும் ஒற்றைமுள் ஒழுக்கமும்

தமிழில் எழுதப்படும் சூழலியல் கட்டுரைகளில் ஒரு கருத்து பல உடைகளில் வந்துகொண்டிருக்கிறது. நரம்பில் ஒரே ஒரு முள்ளைக் கட்டி மீனுக்காகக் காத்திருப்பவன் கலைஞன். அதே நரம்பில் பல முட்களைக் கட்டுபவன் பேராசைக்காரன். இப்படி எழுதும் அன்பர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்களின் 'ஃபிளை ஃபிஷிங்' பற்றி இரண்டொரு நூல்களைப் படித்தவர்கள். படித்ததில் நமக்கு மகிழ்ச்சியே. பாதியில் நிறுத்திவிட்டார்களே என்பதுதான் வருத்தம்.

'ஃபிளை' என்பது ஈ அன்று. முள்ளின்மேல் இறகும் நூலும் மயிரும் சுற்றிப் பூச்சிபோல் தோன்றச் செய்யும் பொய்யிரை அது. இறகுமுள் என்று சொல்லிக்கொள்வோம். இதில் ஒற்றைமுள் ஒழுக்கத்தை வேதமாக்கியவர் இங்கிலாந்தின் ஹால்ஃபோர்டு. அவருடைய நூல்கள் 1886இலும் 1889இலும் வந்தன. அவர் மீன்பிடித்தது சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறிவரும், கண்ணாடிபோல் தெளிந்த, மெல்ல நகரும் ஆறுகளில். மேலே வந்து பூச்சியைக் கவ்வும் மீனைக் கண்ணால் கண்டு, அதன் தலைக்கு முன்னே மிதக்கும் இறகுமுள்ளை வைக்க வேண்டும். இரண்டாவது முள் இருந்தால் அது முதல் முள்ளை இழுத்து, மிதப்பைக் கெடுக்கும். ஆகவே ஒன்று. அந்த ஆற்றின் இலக்கணம் அது, அறநூல் விதியன்று. ஹால்ஃபோர்டுக்கு முன்பே, 1857இல், ஸ்காட்லாந்தின் ஸ்டுவர்ட் எழுதிய நூலோ விரைந்தோடும் ஆறுகளில் பல இறகுமுட்களை ஒரே நரம்பில் கட்டி வீசுவதையே கற்பிக்கிறது. இரண்டும் ஒரே கலையின் இரு நிலங்கள். முதற்பொருளாகிய ஆற்றை அங்கேயே விட்டுவிட்டு, ஒழுக்கத்தை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவருவது எந்தத் திணையில் சேரும்?

பல முள் கட்டுவதன் நுட்பத்தைப் பாருங்கள். நரம்பின் நுனியில் கனமான முள். அதற்கு ஒரு முழம் மேலே இரண்டு நரம்புகளை முடிச்சிட்டு இணைக்கும்போது மிஞ்சும் வாலை நறுக்கிவிடாமல், ஒரு சாணுக்குக் குறைவாக விட்டு வைப்பார்கள். அந்த வாலில் இரண்டாவது முள். இன்னும் ஒரு முழம் மேலே மூன்றாவது. இறகு அடர்த்தியாகச் சுற்றியது. நுனிமுள் அடிநீரைத் தடவும், நடுவிலுள்ளது இடைநீரில் மிதந்துவரும், மேலுள்ளது பரப்பில் தத்தும். மீன் இன்று எந்த ஆழத்தில் மேய்கிறது என்று ஆற்றிடம் கேட்கும் கேள்வி இது. நடுமுள்ளில் இரண்டு மீன் கவ்வினால் விடை கிடைத்துவிட்டது. இதில் பேராசைக்கு இடமே குறைவு. காற்றில் வீசும்போது மூன்றும் பின்னிக்கொள்ளும்; வீச்சை அகலமாகத் திறக்கத் தெரியாதவன் அரை நாளைச் சிக்கெடுப்பதில் கழிப்பான். சர்வதேசப் போட்டி விதிகளே மூன்று முட்கள் வரை அனுமதிக்கின்றன.

இனி நம் பக்கம் வருவோம். தாமிரபரணியின் படித்துறைகளில் மூங்கில் கழியோடு உட்காரும் பையன்களைப் பார்த்திருப்பீர்கள். ஈயக்குண்டுக்குக் கீழே ஒரு முள், மேலே ஒரு முள். கெளுத்தி தரையில் மேயும், கெண்டை சற்று மேலே திரியும் என்பதை எந்த நூலும் அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆறு புன்னைக்காயலில் கடலைத் தொட்ட பிறகு கணக்கு பெரிதாகிறது. நீண்ட தாய்க்கயிற்றிலிருந்து வரிசையாகத் தொங்கும் கிளைக்கயிறுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் முள்: இதன் பெயர் ஆயிரங்கால் தூண்டில். தொங்கும் கிளையைக் 'கால்' என்று கண்ட கண்ணைக் கவனியுங்கள். நெல்லையப்பர் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தை வியந்து எழுதுகிற நாம், இந்த ஆயிரங்காலை வியக்க மறந்தோம். குமரிக் கரையிலோ 'அச்சில்' என்றொரு கைத்தூண்டில் உண்டு. ஒரே கயிற்றில் பல முட்கள்; உயிருள்ள இரை கிடையாது, பொய்யிரைதான். ஸ்காட்லாந்துக்காரன் செய்தால் மரபு, குமரிக்காரன் செய்தால் பேராசை!

குறுந்தொகையின் 54ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கவண் ஒலிக்கு அஞ்சிய யானை கைவிட்ட மூங்கில் மேலே எழுவதை, மீனைப் பற்றி எழும் தூண்டிலோடு ஒப்பிட்டார் என்பதற்காகவே மீனெறி தூண்டிலார் ஆனார். குறிஞ்சிப் பாட்டுக்குள் நீர்நிலத்துக் கருவி ஒன்று இத்தனை துல்லியமாக வந்து அமர்கிறது. கழி எப்படி வளையும், எப்போது நிமிரும் என்று பார்த்தறிந்தவர் அவர். இன்று நம் கவிதைகளில் தூண்டில் ஏராளம். எல்லாம் காதலியின் கண். முள்ளின் அளவோ நரம்பின் கனமோ எதிலும் இல்லை. உவரிக்காரரான ஜோ டி குரூஸ் 2004இல் 'ஆழி சூழ் உலகு' எழுதிய பின்னும், தமிழ்த்துறைகளில் நாம் நெய்தலை உரையாசிரியர் வழியாகவே கற்பிக்கிறோம். கடற்கரை ஊர்களிலிருந்து வந்து நம் வகுப்பில் அமரும் மாணவர்களிடம் ஒரு சொல்லும் கேட்பதில்லை.

கடலில் நெடுந்தூரம் இடப்படும் ஆயிரங்காலில் ஆமையும் சுறாவும் சிக்குவது உண்மை. அதைப் பேசத்தான் வேண்டும்: எங்கே இடுவது, எத்தனை நேரம் கிடக்க விடுவது, வளைமுள் பயன்படுத்தலாமா என்று. வளைமுள் ஆமைகளுக்குத் தீங்கைக் குறைக்கிறது. களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் ஒரு முள்ளும் கூடாது என்பதிலும் நமக்கு மறுப்பில்லை. பாபநாசம் படித்துறையில் பொரிக்கு மொய்க்கும் மீன்களைப் பார்த்துக்கொண்டு தூண்டிலை நினைப்பவனுக்கு நாம் வக்காலத்து வாங்கவும் போவதில்லை. ஆனால் முட்களை எண்ணி ஒருவனுடைய குணத்தை அளக்கும் வேலை வேறு. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம் நேரடியாகக் குற்றமாக்கியது வெடியையும் நஞ்சையும். அன்றைய வெள்ளை அரசுக்குக்கூட எது ஆற்றைக் கொல்லும் என்று தெரிந்திருந்தது. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடியையும், தாமிரபரணியில் கலக்கும் சாக்கடையையும், 2010இல் உயர்நீதிமன்றம் தலையிடும் அளவுக்கு நடந்த மணற்கொள்ளையையும் விட்டுவிட்டு, கிளைமுள் கட்டும் ஏழையிடம் ஒழுக்கம் பேசுவது எளிது. அவன் பதில் கட்டுரை எழுதமாட்டான்.

கடைசியாக மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஆங்கில நூல்களில் அந்தக் கிளைநரம்பை 'டிராப்பர்' என்கிறார்கள். அதைச் சொட்டு மருந்துக் குழாயாக மாற்ற வேண்டாம். 'கால்' என்றே எழுதலாம். மேற்கால், நடுக்கால், நுனிமுள். புன்னைக்காயலில் படித்தாலும் புரியும்.