மூன்று எழுத்துக்குள் இருப்பது யாருடைய நட்டம்?

"வேலை தேடாதே, வேலை கொடு." கடந்த சில வருடங்களாக எங்கட காதில் அடிக்கடி விழுகிற வசனம் இது. பயிற்சிப் பட்டறை, கருத்தரங்கு, போட்டி, சான்றிதழ், கடைசியில் எல்லாரும் நின்று எடுக்கிற குழுப்படம். இதுகளுக்குக் குறைவில்லை. கனவு, விடாமுயற்சி, பிராண்ட் என்ற சொற்கள் எங்களுக்கு மனப்பாடம். ஆனால் வெளிநாட்டுக் கடையொன்று உண்மையிலேயே மின்னஞ்சல் போட்டு, "எவ்.ஓ.பி விலை என்ன? எம்.ஓ.கியூ எவ்வளவு? லீட் ரைம் எத்தனை நாள்?" என்று கேட்டால் என்ன பதில் எழுதுறது என்று சொல்லித்தருகிற பட்டறைகள் அருமை.

இது முகாமைத்துவ பீடத்து ஆட்கள் கதைக்க வேண்டிய விசயம், கலைப்பீடத்துக்கு இதில என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நாங்கள் இதை ஒரு மொழிப் பிரச்சினையாகப் பார்க்கிறோம். சாமான் தொலைந்தால், நனைந்தால், பிந்தினால், தரம் பிழைத்தால் அந்த நட்டம் யாருடைய தலையில் விழும் என்று கோடு கீறுகிற சொற்கள் இவை. சொல் தெரியாதவர் அந்தக் கோட்டைக் கீறுகிற பேனையை மற்றப் பக்கத்திடம் கொடுத்துவிடுகிறார். அம்மாவின்ர காப்பை அடகு வைத்த காசிலும், வெளிநாட்டில இருக்கிற அண்ணா அனுப்பின காசிலும் தொழில் தொடங்குகிற எங்கட ஊர்களில் அது சின்ன விசயம் இல்லை.

கோடு எங்கே விழுகிறது

யாழ்ப்பாணத்தில் பனையோலைக் கூடை செய்கிற ஒரு சிறு குழு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜேர்மனியில் உள்ள ஒரு கடை 500 கூடை கேட்கிறது. ஓலை, சாயம், கூலி, கொஞ்சம் இலாபம் என்று கூட்டி ஒரு எண்ணைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண் எந்த இடம் வரைக்குமான விலை என்று சொல்லாவிட்டால் அது விலையே இல்லை.

இதைச் சொல்லத்தான் இன்கோரேம்ஸ் என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்ட சர்வதேச வர்த்தக சம்மேளனம் 1936இல் இதை முதன்முதலாக வெளியிட்டது. இப்போது பாவனையில் இருப்பது 2020ஆம் ஆண்டுப் பதிப்பு; அதில் 11 விதிகள். எல்லாவற்றையும் பாடமாக்கத் தேவையில்லை. நாலைந்து விளங்கினால் மிச்சம் தானாக விளங்கும்.

"ஈ.எக்ஸ்.டபிள்யூ" என்றால் சாமானை எங்கட வாசலில் வைத்து ஒப்படைக்கிறோம்; அதற்குப் பிறகு எல்லாம் வாங்குபவர் பாடு. "எவ்.ஓ.பி கொழும்பு" என்றால் கொழும்புத் துறைமுகத்தில் கப்பலுக்குள் ஏறும்வரை எங்கட பாடு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சுமார் 400 கிலோமீற்றர். லொறிக்கூலி, துறைமுகக் கட்டணம், ஏற்றுமதிச் சுங்க வேலை எல்லாம் எங்கட கணக்கு. கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு உற்பத்தியாளர் சொல்கிற அதே எவ்.ஓ.பி விலையை நாங்களும் சொன்னால், அந்த 400 கிலோமீற்றரின் செலவு கடைசியில் கூடை இழைக்கிற அக்காமாரின் கூலியில்தான் வந்து விழும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. கொள்கலனில் போகிற சாமானைக் கப்பல் வர முதலே முனையத்தில் ஒப்படைத்துவிடுவோம். அங்கிருந்து கப்பலில் ஏறும்வரை அதற்கு ஏதும் நடந்தால், எவ்.ஓ.பியில் அதுவும் எங்கட பொறுப்பு. அதனால் கொள்கலனுக்கு "எவ்.சி.ஏ" விதியே பொருத்தம் என்று அந்தச் சம்மேளனமே சொல்கிறது. முனையத்தில் கொடுத்ததோடு எங்கட பொறுப்பு முடிந்துவிடும்.

ஆக மோசமாக ஏமாற்றுகிற சொல் "சி.ஐ.எவ்". போய்ச்சேரும் துறைமுகம் வரை கப்பல் கூலியையும் காப்புறுதியையும் விற்பவர் கட்டுகிறார். அப்படியென்றால் அதுவரை பொறுப்பும் அவருடையது என்றுதான் எல்லாரும் நினைப்பினம். அது பிழை. செலவுக் கோடு ஒரு இடத்தில், ஆபத்துக் கோடு இன்னொரு இடத்தில். சீனாவிலிருந்து "சி.ஐ.எவ் கொழும்பு" விலைக்கு ஒரு பொதியிடும் இயந்திரம் வாங்கினால், அது சீனத் துறைமுகத்தில் கப்பலில் ஏறிய கணத்திலிருந்தே ஆபத்து எங்களுடையது. விற்றவர் எடுத்துத்தரக் கடமைப்பட்ட காப்புறுதியும் ஆகக் குறைந்த வகைதான். தீ, மோதல், தரைதட்டல், மூழ்கல் போன்ற பெரிய விபத்துக்கு உதவும்; களவுக்கும் மழைத்தண்ணிக்கும் உதவாது. கூடுதலாக வேண்டுமென்றால் முதலே கேட்டு ஒப்பந்தத்தில் எழுதுவிக்க வேண்டும்.

2021 மே 20இல் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் தீப்பிடித்தபோது, கரையொதுங்கிய பிளாஸ்டிக் மணிகளைப் பற்றி எல்லாரும் கதைத்தோம். அதன் கொள்கலன்களில் இருந்த ஒவ்வொரு சாமானுக்கும் பின்னால் "இப்ப இது யாருடைய நட்டம்?" என்ற கேள்வியும் இருந்தது. அதே வருடம் மார்ச்சில் சுயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே கிடந்த எவர் கிவன் கப்பலை வைத்து மீம்ஸ் போட்டோம். அதன் உரிமையாளர் பிறகு "ஜெனரல் அவரேஜ்" அறிவித்தார். பயணத்தைக் காப்பாற்றச் செய்த அசாதாரணச் செலவைக் கப்பல்காரரும் சாமான்காரர் எல்லாரும் தங்கள் தங்கள் பெறுமதிக்கேற்பப் பங்கிட வேண்டும் என்ற, மிகப் பழைய கடல் வழக்கம் அது. உங்கட சாமானில் ஒரு கீறல்கூட விழாமல் இருக்கலாம். ஆனாலும் காப்புறுதி இல்லாதவர் வைப்புப் பணம் கட்டித்தான் தன் சாமானை வெளியே எடுக்கலாம்.

கப்பலுக்கு முதல்

உற்பத்திப் பக்கத்துச் சொற்களும் இப்படித்தான். "எம்.ஓ.கியூ" என்றால் ஆகக் குறைந்த ஓடர் அளவு. நாங்கள் வாங்கப் போகும்போது அது பயமுறுத்துகிற சொல். பெயர் அச்சிட்ட போத்தல் 50 கேட்டால், 5000 எடுங்கோ என்பார்கள். அது திமிர் இல்லை. அச்சை மாற்றி இயந்திரத்தைத் தயார்ப்படுத்துகிற செலவு 50க்கும் 5000க்கும் ஒன்றுதான். இது விளங்கினால் பேரம் பேச வழி பிறக்கும்: வெறும் போத்தலை வாங்கி லேபலை இங்கே ஒட்டலாம், மூன்று பேர் சேர்ந்து ஒரே போத்தலை எடுக்கலாம். விற்கப் போகும்போது அதே சொல் எங்களுக்குக் காவல். 20 கூடைக்காகத் தனிச் சாயம் காய்ச்ச முடியாது என்பதை மரியாதையாகச் சொல்லலாம்.

தரத்துக்கு "ஏ.கியூ.எல்". 500 கூடையையும் யாரும் ஒவ்வொன்றாகப் பார்க்கமாட்டார்கள். பரவலாகப் பாவிக்கப்படும் ஐ.எஸ்.ஓ 2859-1 அட்டவணையின் இரண்டாம் மட்டத்தில், 500இல் 50ஐ எடுத்துப் பார்ப்பார்கள். 2.5 என்ற எல்லை பேசப்பட்டிருந்தால், அந்த 50இல் 3 பழுது வரை ஏற்பு. 4 வந்தால் முழுத் தொகுதியும் நிராகரிப்பு. கையால் செய்கிற பொருளில் எது பழுது? ஒரு பக்கம் சாயம் கொஞ்சம் வெளிறியிருப்பது பழுதா, கைவேலையின் இயல்பா? இதை ஓடருக்கு முதலே எழுதி, ஒப்புக்கொண்ட மாதிரிக் கூடையொன்றை இரண்டு பக்கமும் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாங்குபவர் நினைத்ததுதான் தீர்ப்பு.

"லீட் ரைம்" எந்த நாளிலிருந்து தொடங்குகிறது என்பதும் எழுதப்பட வேண்டும். வட்ஸ்அப்பில் "ஓகே" வந்த நாளா, மாதிரியை ஒப்புக்கொண்ட நாளா, முற்பணம் வங்கியில் விழுந்த நாளா? மாரி மழையில் ஓலை காயாது. ஆனால் ஒப்பந்தத்து நாள் ஓடிக்கொண்டே இருக்கும்.

இறக்குமதி செய்கிறவருக்கு இதே லீட் ரைமுக்குள் இன்னொரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. 30 வீதம் முற்பணம், ஏற்ற முதல் மிச்சம் 70 வீதம் என்பது பரவலான வழக்கம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் சுமார் 200 ரூபாய். மே மாதம் சுமார் 360. மார்ச்சில் முற்பணம் கட்டின ஒருவருக்கு மிச்சம் 7,000 டொலர் இருந்தால், அது 14 இலட்சத்திலிருந்து 25 இலட்சத்துக்கு ஏறியிருக்கும். இங்கே மூன்று மாத லீட் ரைம் என்றால் மூன்று மாத நாணய ஆபத்தும் சேர்த்துத்தான்.

கூடைக்காரர் எல்லாவற்றுக்கும் முதல் விளங்க வேண்டிய சொல் கனவளவு நிறை. கூரியர் கொம்பனிகள் பெரும்பாலும் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரிக்கும். 60, 50, 40 அளவுள்ள பெட்டி என்றால் பெருக்கம் 120,000. பிரித்தால் 24 கிலோ. உள்ளே இருக்கிற கூடைகள் 6 கிலோதான் என்றாலும் காசு 24 கிலோவுக்கு. மிச்சம் 18 கிலோவுக்கு நாங்கள் காற்றை ஏற்றுமதி செய்கிறோம். ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி வாயைக் கொஞ்சம் அகலமாக்கி இழைத்தால் அதே பெட்டியில் இன்னும் எத்தனையோ கூடை போகும். இதைக் கொழும்பில் பொதி கட்டும்போது யோசித்துப் பிரயோசனமில்லை. முதல் ஓலை வார்கிறபோதே யோசிக்க வேண்டும்.

தாள்கள்

"பில் ஒவ் லேடிங்" வெறும் பற்றுச்சீட்டு இல்லை. சாமானைப் பெற்றதற்கான அத்தாட்சி, கொண்டுபோகும் ஒப்பந்தத்துக்கான சான்று, உரிமைப் பத்திரம் என்று மூன்று வேலை அதற்கு. காசு வரும்வரை அதன் மூலப்பிரதியைக் கையில் வைத்திருக்கிற விற்பனையாளருக்கு ஒரு பிடி இருக்கிறது. விமானத்தில் போகிற சாமானுக்கான "எயார் வேபில்" உரிமைப் பத்திரம் இல்லை. ஆகவே விமானத்தில் அனுப்பிவிட்டு "காசைப் பிறகு போடுங்கோ" என்பது கூடுதல் ஆபத்து.

"எச்.எஸ் குறியீடு" 1988இலிருந்து பாவனையில் உள்ள உலகப் பொது எண் முறை. முதல் 6 இலக்கமும் எல்லா நாட்டுக்கும் ஒன்று. கூடை வகைகள் 4602 என்ற தலைப்பின் கீழ் வரும். என்ன தீர்வை, என்ன அனுமதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜி.எஸ்.பி பிளஸ் சலுகை பொருந்துமா என்பதெல்லாம் இந்த எண்ணில் இருந்துதான் தொடங்கும்.

கொள்கலன் இலவச நாட்களைத் தாண்டித் துறைமுகத்தில் நின்றால் "டெமரேஜ்". வெளியே எடுத்த கொள்கலனைப் பிந்தித் திருப்பிக் கொடுத்தால் "டிடென்ஷன்". 2022இல் வங்கிகளில் டொலர் இல்லாமல் அத்தியாவசியப் பொருள் கொள்கலன்கள் கொழும்பில் தேங்கினபோது செய்திகளில் அடிபட்ட சொல் இந்த டெமரேஜ்தான்.

"நாங்கள் கப்பல் அளவுக்குப் போகேல்ல, இன்ஸ்டகிராமில ஓடர் எடுத்துப் பார்சல்தான் போடுறம்" என்பவர்களும் தப்பமுடியாது. ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோவுக்குட்பட்ட பொதிகளுக்கு இருந்த வற் விலக்கை 2021 ஜூலை 1இல் எடுத்துவிட்டது. அமெரிக்கா 800 டொலர் வரையான பொதிகளுக்குக் கொடுத்த தீர்வை விலக்கை 2025 ஓகஸ்ட் 29இல் நிறுத்தியது. இப்போது பார்சல் "டி.ஏ.பி"யா "டி.டி.பி"யா என்பது முக்கியம். முதலாவதில் இறக்குமதி வரி வாங்குபவருக்கு, இரண்டாவதில் விற்பவருக்கு. சொல்லாமல் அனுப்பினால், வாசலில் வரி கேட்டதும் வாங்கின அக்கா பார்சலைத் திருப்பிவிடுவா. இரண்டு பக்கக் கூரியர் காசும் எங்கட தலையில்.

தமிழில் என்ன செய்யலாம்

"இதையெல்லாம் ஷிப்பிங் ஏஜென்ட் பார்ப்பார்தானே" என்று ஒரு பதில் வரும். பார்ப்பார். ஆனால் அவரிடம் போகும்போது விலையை ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருப்போம். கோடு ஏற்கெனவே விழுந்திருக்கும். இணையத்தில் தேடினால் எல்லாம் கிடைக்கும் என்பதும் அரைவாசி உண்மை. தேடுவதற்கு முதலில் அந்தச் சொல் இருக்கிறது என்று தெரிய வேண்டும். கிடைக்கிற விளக்கமும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். ஆங்கிலம் வடிவாகத் தெரிந்தவர் மட்டும் வெளிநாட்டுக்கு விற்கலாம் என்றால், கூடை இழைக்கத் தெரிந்தவர் எப்போதும் இன்னொருவருக்குக் கூலிக்கு இழைத்துக்கொண்டே இருப்பார்.

எவ்.ஓ.பிக்கு ஒரு தூய தமிழ்ச் சொல்லைக் கண்டுபிடிக்கும்படி நாங்கள் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் வரப்போவது அந்த மூன்றெழுத்துத்தான். மோட்டார் சைக்கிள் திருத்துகிற அண்ணாமார் கிளச், கியர், பிஸ்ரன் என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, எது எதை இயக்குகிறது என்று நல்ல தமிழில் விளங்கப்படுத்துகினம். வேண்டியது அப்படியான விளக்கம். ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் இரண்டு வரி: செலவு எதுவரை யாருக்கு, ஆபத்து எதுவரை யாருக்கு. கூடவே ஒரு எச்சரிக்கை: சாமானின் உரிமை எப்போது கைமாறுகிறது, காசு எப்போது கட்டுவது என்று இன்கோரேம்ஸ் சொல்லாது, அதைத் தனியாக எழுத வேண்டும். விதியோடு இடத்தின் பெயரும் வருடமும் வர வேண்டும்: "எவ்.சி.ஏ கொழும்பு, இன்கோரேம்ஸ் 2020" என்ற மாதிரி.

ஏற்றுமதி அபிவிருத்திச் சபை, பனை அபிவிருத்திச் சபை, பல்கலைக்கழகங்களின் தொழில் வழிகாட்டல் பிரிவுகள், பட்டறை நடத்துகிற நிறுவனங்கள் எல்லாரிடமும் நாங்கள் கேட்பது ஒன்று. அடுத்த பட்டறையில் ஊக்க உரையை அரை மணித்தியாலம் குறைத்து, ஒரு உண்மையான விலைக்கோரல் மின்னஞ்சலையும் ஒரு ஒப்பந்தத்தையும் மேசையில் வைத்து, வரிவரியாகத் தமிழில் வாசியுங்கோ. தமிழில் எழுதத் தேவையான ஆட்கள் எங்கட பீடத்திலேயே இருக்கினம். அந்த இரண்டு வரி விளக்கங்களை எழுதுவது எங்கட வேலை. சரிபார்த்துத் தருவது துறைமுகத்தையும் சுங்கத்தையும் தெரிந்தவர்களின் வேலை. தெரிந்த ஆட்கள் இதை வாசித்தால் எங்களோடு கதையுங்கோ.