காணாமல்போன படகை எங்கே தேடுவது? கணினியும் ரேடாரும் சேர்ந்து சொல்லும் கணக்கு

நடுக்கடலில் இன்ஜின் பழுதான படகு, நின்ற இடத்திலேயே நிற்காது. நீரோட்டமும் காற்றும் அதை இழுத்துக்கொண்டே போகும். நீரோட்டக் கணிப்பில் விநாடிக்கு 10 செ.மீ. பிசகினால் போதும்; ஒரே நாளில் தேடும் இடம் 8 கி.மீ.க்கு மேல் தள்ளிப்போய்விடும்.

வங்கக் கடலோர நீரோட்டம் லேசில் பிடிபடாது. பிப்ரவரிக்குப் பிறகு சில மாதங்கள் வடக்கே போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அப்படியே திரும்பித் தெற்கே ஓடும். நடுவில் சுழல்கள் வேறு.

இதை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கணினி மாதிரி. காற்று, வெப்பம், உப்புத்தன்மை, கடலின் ஆழம் ஆகிய விவரங்களைக் கொடுத்தால் கடல் முழுவதற்கும் கணக்குப் போட்டுவிடும். ஆனால், காற்றுத் தகவலில் சிறு பிழை இருந்தாலும் கணக்கு உண்மையிலிருந்து விலகிவிடும்.

இன்னொன்று நேரடி அளவீடு. கடலூர், கல்பாக்கம் போன்ற இடங்களில் கரையில் நிறுவப்பட்ட ரேடார்கள், அலைகளில் பட்டுத் திரும்பும் ரேடியோ சமிக்ஞையை வைத்து நீரோட்டத்தை அளப்பவை. ஆனால், அவற்றுக்குத் தெரிவது மேற்பரப்பு மட்டுமே. மிதவைகள் ஆழத்திலும் அளக்கும். ஆனால் தாம் இருக்கும் இடத்தில் மட்டும்.

இரண்டையும் எப்படிச் சேர்க்கிறார்கள்?

ஓரிடத்தில் வேகம் விநாடிக்கு 40 செ.மீ. என்கிறது மாதிரி; 60 என்கிறது ரேடார். சராசரியாக 50 என்று முடித்துவிடுவதில்லை. எதில் பிழை குறைவோ, அதற்கு எடை அதிகம். மாதிரியின் பிழை ரேடாரைப் போல இரண்டு மடங்கு என்றால், ரேடாருக்கு நான்கு பங்கு, மாதிரிக்கு ஒரு பங்கு, விடை 56. ஓரிடத்து வேகம் மாறும்போது பக்கத்துக் கடலும் ஆழமும் எப்படி மாறும் என்பது மாதிரிக்குத் தெரியும். எனவே, ரேடார் பார்க்காத இடங்களுக்கும் திருத்தம் போய்ச்சேரும்.

ஹைதராபாத்தில் உள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) இம்முறையைப் பயன்படுத்துகிறது. காணாமல்போனவர்களைத் தேட உதவும் 'சாரத்' என்ற கருவியையும் அதே மையம் 2016-ல் அளித்தது.

ஆனால், அளவீடு நின்றுபோனால் திருத்தமும் நின்றுபோகும். கடலில் மிதவைகள் சேதப்படுத்தப்படுவதும், பாகங்கள் திருடப்படுவதும் தொடர்கின்றன. ரேடார், மிதவைப் பராமரிப்பை மீட்புப் படகுச் செலவோடு சேர்த்தே அரசு எண்ண வேண்டும். மிதவையில் படகைக் கட்டாமல் இருப்பது மீனவர்களின் பங்கு.

எவ்வளவு நல்ல கணக்குக்கும் தொடக்கப்புள்ளி வேண்டும். படகு கடைசியாகத் தொடர்பில் இருந்த இடம், நேரம் இரண்டையும் குறித்துவைத்து, கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குத் தாமதிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு மணி நேரத் தாமதமும் தேடும் பரப்பைப் பெரிதாக்கிவிடும்.