ஒரு தைவதத்தின் வேறுபாடு

மண்கும்பான் வெள்ளைப்புற்றடிப் பிள்ளையாரின் திருவிழா மேளத்தையும், அயலிலே சாட்டிச் சிந்தாத்திரை மாதா கோயிலின் பூசைப் பாட்டையும் ஒரே கடற்காற்றில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் நாதசுரக்காரர் ஆலாபனை செய்யும் கரகரப்பிரியாவுக்கும், ஐரோப்பியத் துறவிமடங்களிலே பலநூறு ஆண்டுகளாகப் பாடப்பட்டுவந்த பழைய மெட்டுகள் பலவற்றுக்கும் சுரஸ்தானங்களளவில் பேதம் சிறிதுமில்லை என்று சொல்லும்போது, சங்கீதம் பயிலும் நம் பிள்ளைகள்கூட வியப்போடுதான் கேட்கின்றனர்.

மேனாட்டார் டோரியன் என்று வழங்கும் சுரவரிசையும் நம் மேளகர்த்தாக்களில் 22ஆவதான கரகரப்பிரியாவும் ஒன்றே. சட்சம், சதுசுருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பஞ்சமம், சதுசுருதி தைவதம், கைசிகி நிஷாதம் என்பன அதன் ஏழு சுரங்கள். வீட்டிலே ஆர்மோனியமோ ஓர்கனோ உள்ளவர்கள் இரண்டு கட்டையைச் சட்சமாகக் கொண்டு, கறுப்புக் கட்டை எதனையும் தொடாமல் மேற்சட்சம்வரை வாசித்தால், இரு பெயர்களுக்கும் உரிய அந்த வரிசை காதில் விழும். பின்னர் ஏழாங் கட்டையை விட்டு, அதன் இடத்தில் ஆறரைக் கட்டையை வைத்து அதே வரிசையை மீண்டும் வாசித்தால் அது நடபைரவி. மேனாட்டார் இயற்கை மைனர் என்பதும் அதுவே. மாறியது தைவதம் ஒன்றுதான். எனினும் நடபைரவியிலே கனத்துத் தாழும் உள்ளம் கரகரப்பிரியாவிலே, துயரம் முற்றும் நீங்காதிருக்கவும், நிமிர்ந்து ஒளியை நோக்குவதுபோன்ற ஓர் அநுபவத்தைப் பெறுகின்றது. டோரியனை விளங்கிக்கொள்ள விரும்புபவர் முதலிலே செவியால் அறியவேண்டியது இந்தத் தைவதத்தையே.

இவ்வரிசையின் அமைப்பிலே வேறொரு விசேஷமும் உண்டு. சட்சத்திலிருந்து மத்தியமம்வரை முழுச்சுரம், அரைச்சுரம், முழுச்சுரம் என அமையும் இடைவெளிகளே பஞ்சமத்திலிருந்து மேற்சட்சம்வரையும் அமைகின்றன. கீழிருந்து மேலே எண்ணினாலும் மேலிருந்து கீழே எண்ணினாலும் கணக்கு ஒன்றாகவே வரும். பண்டைத் தமிழரின் ஏழ்பாலைகளில், செம்பாலையின் இளியைக் குரலாகக் கொள்ளப் பிறக்கும் கோடிப்பாலையை ஆராய்ச்சியாளர் பலர் கரகரப்பிரியாவாகவே கொள்வர். ஈழம் தந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளியிட்ட யாழ்நூலிலே இப்பாலைகளின் பிறப்பை ஆராய்ந்த அருமையை நம்மவர் மறத்தலாகாது.

இனி, மறுபக்கத்தைப் பார்ப்போம். கத்தோலிக்க அன்பர்கள் செபிக்கும் ‘கிருபை தயாபத்து’ மந்திரத்துக்கு இலத்தீனிலே உள்ள பழைய பெருமெட்டு டோரியனில் அமைந்தது. அது பஞ்சமத்திலே தொடங்கி, மத்தியமத்தைத் தொட்டு, மீண்டும் பஞ்சமத்துக்கு ஏறி, அங்கிருந்து ஒரே வீழ்ச்சியாகச் சட்சத்திலே வந்து படியும். இவ்வகைப் பாடல்களிலே பஞ்சமம் நிலைக்களமாகவும் சட்சம் முடிவிடமாகவும் நிற்கும். தைவதமோ, பஞ்சமத்துக்குமேல் ஒருபடி மாத்திரம் ஏறித் திரும்பும் இடங்களிற் பலமுறை அரைச்சுரம் தாழ்ந்துவிடும். நமது கரகரப்பிரியா அவ்வாறு தைவதத்தை விட்டுக்கொடுப்பதில்லை. மேலும், காந்தாரத்தையும் நிஷாதத்தையும் உரிய கமகமின்றி அசையாது நிறுத்திப் பாடினால் சுரவரிசை இருக்குமேயன்றி இராகம் இராது. தியாகராஜ சுவாமிகள் ‘சக்கனிராஜ’ முதலிய கிருதிகளால் இவ்விராகத்துக்குப் பெருவாழ்வு அளித்தது, ஏழு சுரங்களை வரிசைப்படுத்தியதனாலன்று. அவை ஒன்றையொன்று பற்றி நடக்கும் பிரயோகங்களைக் கண்டு காட்டியதனாலேயாம். அமெரிக்காவிலே மைல்ஸ் டேவிஸ் 1959இல் இதே டோரியனைக்கொண்டு ஜாஸ் இசைக்குப் புதியதொரு வழி திறந்தபோதும், அவர் அதனைத் தம் மரபின் தாளத்திலும் நடையிலும் நின்றே கையாண்டார்.

ஆகவே டோரியனும் கரகரப்பிரியாவும் ஒன்றா என வினவுவார்க்கு என் விடை இதுவே: சுரஸ்தானத்தால் ஒன்று, வாழ்க்கையால் வேறு. இவ்விரு உண்மைகளுள் ஒன்றை மாத்திரம் கற்பிப்பது குறையுடைய கல்வியாகும். பண்ணைத் தாம்போதியைக் கடந்து பட்டணத்துக்குச் சென்று மேனாட்டு இசைப் பரீட்சைகளுக்குப் பயிலும் தீவகத்துப் பிள்ளைகளுக்கு, டோரியன் என்ற பெயர் வரும் அன்றைக்கே கரகரப்பிரியாவையும் வாயாற் பாடிக் காட்டுமாறு ஆசிரியர்களை வேண்டுகின்றேன். சங்கீத வகுப்பிலே கரகரப்பிரியா பயிலும் பிள்ளைகளுக்கும் தேவாலயத்துப் பழைய மெட்டொன்றைக் கேட்பிக்கவேண்டும். நம் இரு கோயில்களிலும் முழங்கும் நாதத்தை நம் பிள்ளைகள் செவியறிவோடு கேட்கப் பழகுவது, எந்தப் பரீட்சைச் சான்றிதழினும் மேலானது.