இடித்தபின் வரும் ஞானம்

1974ஆம் ஆண்டின் முதல் நாளன்று ஜார்ஜ் டவுன் நகரின் நடுவிடத்தில், கொம்தார் கட்டடத்திற்கு அடித்தூண் இறக்கும் பணியை அன்றைய பிரதமர் துன் அப்துல் ரசாக் தொடக்கி வைத்தார். 65 மாடிக் கோபுரம் ஒன்று அங்கு எழ வேண்டுமென்பதற்காக, தலைமுறை தலைமுறையாக வணிகம் நடந்த கடைவீடுகள் வரிசை வரிசையாக இடிக்கப்பட்டன. அவற்றிற்காக வருந்தியவர் மிகச் சிலரே. ஒழுகும் கூரையும் இருண்ட அறைகளும் கொண்ட அவ்வீடுகள் நகரின் அழுக்கு என்றே படித்தவர்களும் கருதினர். கோபுரமோ வருங்காலத்தின் வாயிலாகத் தோன்றியது.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 2008ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள், மலாக்காவையும் ஜார்ஜ் டவுனையும் உலக மரபுச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தது. அந்தப் பெருமையைத் தேடித் தந்தவை எவை? அழுக்கென்று ஒதுக்கப்பட்ட அதே கடைவீடுகளே, அதே அஞ்சடிகளே. தப்பிப் பிழைத்தவை செல்வமாயின. இடிபட்டவை திரும்பி வரவில்லை.

இவ்வளவு தெளிவான பாடத்தைக் கற்ற நகரம் அதே பிழையை மீண்டும் செய்யாது என்றுதான் எவரும் எண்ணுவர். ஆனால் நடப்பது வேறு. பழைய ஓட்டுக் கூரைகளைக் கண்டு உருகுவோரே, 1950 முதல் 1980 வரை எழுந்த கட்டடங்களைப் பார்த்து, சிமெண்டுப் பெட்டி என்றும் கண்ணை உறுத்தும் அவலம் என்றும் முகஞ்சுளிக்கின்றனர். அன்று கடைவீட்டின்மீது வீசப்பட்ட சொற்கள் இன்று கான்கிரீட்டின்மீது வீசப்படுகின்றன. தீர்ப்பளிப்போர் மாறினர், தீர்ப்பு மாறவில்லை.

ஜார்ஜ் டவுனின் கடைவீடுகளை ஆராய்ந்தோர் அவற்றை ஆறு பாணிகளாக வகுத்துள்ளனர். 1790களில் தொடங்கும் தொடக்ககாலப் பினாங்குப் பாணி அவற்றுள் முதலாவது. 1930களில் வந்த ஆர்ட் டெக்கோ ஐந்தாவது. 1950 முதல் 1970கள் வரையிலான தொடக்க நவீனப் பாணி ஆறாவது. அறிஞர் பட்டியலில் ஆறும் சமமாக நிற்கின்றன. சுற்றுலாப் படங்களிலோ நான்காவதுடன் வரலாறு முடிந்துவிடுகிறது! பூவேலைப்பாடும் வண்ண ஓடும் இல்லாத சுவருக்குக் கதை இல்லையென்று யார் சொன்னது?

அச்சுவரைச் சற்று நின்று பார்ப்பவருக்கு அதன் அறிவு புலப்படும். காற்று புகவும் மழை புகாதிருக்கவும் அமைத்த துளைக்கற்கள், மேற்கு வெயிலைத் தடுக்கும் நிலைப்பலகைகள், சன்னலுக்கு மேல் நீண்டு நிற்கும் மெல்லிய கான்கிரீட் விதானம் ஆகியவை வெறும் அலங்காரங்கள் அல்ல. குளிரூட்டும் பொறி எல்லார் வீட்டிற்கும் வாராத நாளில், வெப்ப நாட்டில் மனிதன் எவ்வாறு மூச்சுவிடுவது என்ற கேள்விக்கு அளிக்கப்பட்ட விடைகள் அவை. ஐரோப்பாவில் பிறந்த பாணி இங்கு வந்து நம் வெயிலுக்கும் மழைக்கும் பணிந்து நடந்தது. அத்துளைகளை அடைத்துவிட்டுக் கண்ணாடி பதிப்பதையே இன்று புதுப்பித்தல் என்கிறார்கள்.

கொம்தாரை வடிவமைத்தவர் பினாங்கு மண்ணின் மைந்தரான கட்டடக்கலைஞர் லிம் சொங் கியாட். 1965இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மாநாட்டு மண்டபமும், சிரம்பானிலுள்ள நெகிரி செம்பிலான் மாநிலப் பள்ளிவாசலும் அவருக்குப் பங்குள்ள படைப்புகளே. கொம்தாரின் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்போரில் பலர், அதன் அடியில் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் முறையைத் தழுவி அமைந்த கோளக் கூரை மண்டபத்தைக் கவனிப்பதில்லை. விடுதலை பெற்ற நாடொன்று, வெள்ளையனின் தூண்களையும் வளைவுகளையும் இரவல் வாங்காமல் தன் உருவத்தைத் தானே வரைய முயன்ற காலத்தின் கையெழுத்து அது.

கடைவீடுகளை விழுங்கிய கட்டடத்திற்கா பரிந்து பேசுவது என்று ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே. அன்றைய இடிப்பை எவரும் போற்ற வேண்டியதில்லை. ஆயினும் முன்னவர் செய்த அழிவுக்குப் பின்னவர் செய்யும் அழிவு ஈடாகுமா? தவறும் வரலாற்றின் பகுதியே. 2016இல் அதே கோபுரத்தின் 68ஆம் மாடியில் கண்ணாடி நடைபாதை திறக்கப்பட்டது. அதில் நின்று கீழேயுள்ள சிவந்த ஓட்டுக் கூரைகளைப் படம்பிடிக்கும் பயணியின் கண்ணுக்கு, அவன் காலடியிலுள்ள கட்டடம் வெறும் ஏணியாகவே இருக்கிறது.

தமிழருக்கு இதில் என்ன வேலை என்று கேட்போரும் உண்டு. மரபு என்றவுடன் குயின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலையும் சூலியா தெருவின் நாகூர் தர்காவையும் காட்டித் தமிழர் மனநிறைவு அடைகின்றனர். அவை போற்றத்தக்கனவே. ஆனால் கோயிலுக்கு வெளியே, கூலி என்ற பெயரைக் களைந்து குடிமகன் என்ற பெயரைத் தமிழன் ஏற்ற நாள்களை எந்தக் கட்டடங்கள் கண்டன? செட்டிச் சீமான்களின் மாளிகைகளா? தொழிற்சங்கக் கூடங்களும் தமிழ்ப்பள்ளிகளின் நீண்ட வகுப்பறைகளும் அடுக்குமாடிகளும் அன்றோ அவற்றைக் கண்டன! முன்வார்த்த கான்கிரீட் பலகைகளை அடுக்கி, 1969 வாக்கில் எழுப்பிய ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிகளில் 3,600க்கு மேற்பட்ட வீடுகள். சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒரே நடைக்கூடத்தில் துணி உலர்த்தி, ஒரே மின்தூக்கிக்குக் காத்து நின்ற இடம் அது. அதன் அழகைப் பற்றி வாதிடலாம். அதன் வரலாற்றைப் பற்றி வாதிட இடமில்லை.

கட்டடத்தை மட்டும் காத்து அதில் வாழ்ந்தோரைக் கைவிடும் மரபுப் பற்றும் ஒருவகைப் பொய்யே. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகைகள் கட்டவிழ்ந்தன; நெடுங்காலக் குடித்தனக்காரர்கள் பலர் நகரைவிட்டு வெளியேறினர். சுவர்கள் மிஞ்சின. யுனெஸ்கோ விழா முடிந்த மறு ஆண்டிலேயே, 2009இல், குளுகோரில் மாடு வளர்த்து வாழ்ந்த தமிழர்களின் கம்போங் புவா பாலா நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் தரைமட்டமாயிற்று. மரவீடுகளுக்கும் மாட்டுத் தொழுவங்களுக்கும் மரபு என்ற சொல் அன்று எட்டவில்லை.

வயதை அளவுகோலாக்கும் வழக்கமே இக்கேட்டின் வேர். மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டுக் கணக்குப் பார்த்தது; 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. சட்டம் மாறினும் மனக்கணக்கு மாறவில்லை. டில்லியில் நடந்தது இங்குள்ளோருக்கு எச்சரிக்கையாதல் வேண்டும். ராஜ் ரேவால் வடிவமைக்க, 1972இல் திறக்கப்பட்ட தேசங்களின் மண்டபம் உலகக் கட்டடக்கலைஞர்கள் வியந்த கான்கிரீட் படைப்பு. அறுபது ஆண்டு நிறையாதது மரபாகாது என்று காரணம் காட்டப்பட்டது. 2017 ஏப்ரலில், ஓர் இரவில், அதை இடித்து முடித்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் சண்டிகர் தலைமைச் செயலக வளாகம் உலக மரபுப் பட்டியலில் ஏறியிருந்தது! அதே 2017இல் எரித்ரியாவின் அஸ்மாரா நகரம் தன் நவீனக் கட்டடங்களுக்காகவே அப்பட்டியலில் இடம்பெற்றது. ஏழை நாடொன்றுக்கு விளங்கியது பிறருக்கு விளங்காதது ஏன்?

ஜார்ஜ் டவுனுக்கேனும் காவலர் உண்டு; பினாங்கு மாநிலம் 2011இல் தனக்கென மரபுச் சட்டமும் இயற்றியுள்ளது. நிபோங் திபாலுக்கும் சுங்கை பட்டாணிக்கும் தைப்பிங்கிற்கும் யார்? முகப்பில் ஆண்டு பொறித்த கடை வரிசைகள், ஒருகாலத்தில் தமிழ்ப்படம் ஓடிய திரையரங்குகள், சங்கக் கட்டடங்கள் எல்லாம் அச்சிறு நகரங்களில் ஓசையின்றி மறைகின்றன. படமெடுக்கக்கூட ஆளில்லை.

இங்குதான் தமிழாசிரியரின் பொறுப்பு தொடங்குகிறது. பினாங்கின் பழமை என்ற தலைப்பில் ஆண்டுதோறும் மாணவர் எழுதும் கட்டுரைகளில் கோட்டையும் கோயிலும் தவறாமல் இடம்பெறும். அவர்கள் அமர்ந்து எழுதும் பள்ளிக் கட்டடம் இடம்பெறாது. அதைக் கட்டியது எந்த ஆண்டு, நிலம் தந்தவர் யார், சம்பளத்தில் பிடித்துக் காசு கொடுத்த தொழிலாளர் எத்தனை பேர் என்பனவற்றை மாணவர் முதியோரிடம் கேட்டு எழுதட்டும். நன்கொடையாளர் பெயர் தாங்கிய பளிங்குப் பலகை பல பள்ளிகளில் இன்னும் சுவரில் இருக்கிறது. புதுப்பிக்க வரும் குத்தகைக்காரர் அதைப் பெயர்த்தெடுக்கும் முன்னர், இந்தப் பள்ளித் தவணையிலேயே அது எழுத்துக்கு எழுத்துப் படியெடுக்கப்பட வேண்டும்.