தேட ஆளில்லை என்ற தைரியம்

ஆட்டோ சங்கரின் பெயர் தெரியாதவர் தமிழ்நாட்டில் குறைவு. 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்திய சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான். அவனைப் பற்றி வாரப் பத்திரிகையில் தொடர் வந்தது, 2019இல் இணையத் தொடரும் வந்தது. அவன் இறந்த பிறகு பிறந்த பிள்ளைகள்கூட அவன் கதையைச் சொல்வார்கள். அவனும் கூட்டாளிகளும் கொன்றது ஆறு பேரை. அந்த ஆறு பேரில் ஒருவருடைய பெயராவது நமக்கு நினைவிருக்கிறதா?

கொலையாளிகளின் கதையைப் படிப்பவர்களை, பார்ப்பவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற இதைக் கேட்கவில்லை. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமாண்டா விகாரி, கிறிஸ் ஃப்ரேலி இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய உண்மைக் குற்றக் கதைகளை ஆண்களைவிடப் பெண்களே அதிகம் நாடுகிறார்கள் என்று கண்டது. கொலையாளியின் மனதை விளக்கும் புத்தகங்களும், தப்பிக்கும் வழி சொல்லும் புத்தகங்களும் அவர்களை அதிகம் ஈர்த்தன. இரவுப் பணி முடித்துத் தனியாக வீடு திரும்பும் ஒரு பெண், யாரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள விரும்புவதில் என்ன தவறு? அவளுக்கு நாம் கொடுக்கும் பதில்தான் தவறாக இருக்கிறது. திரையில் வருபவன் போலீசுக்குப் புதிர் போடுகிறான், பத்து நகர்வுகளை முன்கூட்டியே யோசிக்கிறான், பின்னணி இசையோடு நடந்து வருகிறான். அப்படி ஒருவனை எதிர்பார்த்திருக்கும் கண்ணுக்கு, பக்கத்தில் வந்து நிற்கும் நிஜ ஆள் தென்படமாட்டான்.

நிஜ ஆள் எப்படி இருப்பான்? அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 48 பெண்களைக் கொன்றதாக 2003இல் ஒப்புக்கொண்ட கேரி ரிட்ஜ்வே, லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் தொழிலாளி. மனைவியோடு குடித்தனம் நடத்தியவன். அறிவுத்திறன் சோதனையில் சராசரிக்கும் கீழே நின்றவன். 1982இல் தொடங்கிய கொலைகளுக்கு அவன் கைதானது 2001இல்தான். இத்தனை ஆண்டுகள் எப்படித் தப்பினான் என்பதற்கான விடையை நீதிமன்றத்தில் அவனே கொடுத்தான்: பாலியல் தொழிலில் இருந்த பெண்களைத் தேர்ந்தெடுத்தான், அவர்கள் காணாமல் போனால் யாரும் உடனே புகார் தரமாட்டார்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

தொடர் கொலையாளிகளின் மனதைப் பற்றி உளவியல் கண்டறிந்தவை உண்டு. பிறர் வலியை உணராத தன்மை, குற்ற உணர்ச்சி இல்லாமை, அடுத்தவர் உயிர் தன் கைப்பிடியில் இருப்பதில் கிடைக்கும் கிளர்ச்சி ஆகியவை பலரிடம் காணப்பட்டிருக்கின்றன. சிறுவயதில் அடியும் வதையும் பட்டவர்கள் அவர்களில் பலர். ஆனால் அப்படி வதைபட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொல்வதில்லை. மனச்சிதைவு போன்ற நோயால் அவதிப்படுபவர்களை இந்தக் கொலையாளிகளோடு ஒரே பெயரில் அழைக்கும் நமது தலைப்புச் செய்திகள், மருந்து சாப்பிட்டுக்கொண்டு அமைதியாக வாழும் ஆயிரமாயிரம் குடும்பங்களுக்கு இழைக்கும் அநீதி கொஞ்சநஞ்சமல்ல. ஒருவன் ஏன் கொலையாளி ஆனான் என்பதற்கு முடிவான விடை இன்னும் இல்லை. இருபது பேரைக் கொல்லும்வரை அவன் ஏன் பிடிபடவில்லை என்பதற்கு விடை இருக்கிறது.

கர்நாடகத்தின் தென் கன்னட மாவட்டத்தைச் சேர்ந்த மோகன் குமார், ஆரம்பப் பள்ளி ஆசிரியர் வேலை பார்த்தவன். 2003க்கும் 2009க்கும் இடையே 20 பெண்களைச் சயனைடு கொடுத்துக் கொன்றான். பெரும்பாலும் ஏழை வீட்டுப் பெண்கள், வரதட்சணை கொடுக்க வழியில்லாமல் கல்யாணம் தள்ளிப்போனவர்கள். வரதட்சணையே வேண்டாம் என்று ஒருவன் வந்து சொன்னதும் நம்பினார்கள். வெளியூருக்கு அழைத்துப் போய் விடுதியில் தங்கவைப்பான். மறுநாள் காலை நகைகளைக் கழற்றி அறையிலேயே வைக்கச் சொல்லி, பேருந்து நிலையத்துக்குக் கூட்டிவருவான். கருத்தடை மாத்திரை என்று ஒன்றைக் கையில் கொடுத்து, கழிப்பறைக்குள் போய் விழுங்கச் சொல்வான். பிறகு அறைக்குத் திரும்பி நகைகளோடு கிளம்பிவிடுவான்.

மைசூரு, மடிக்கேரி, ஹாசன், பெங்களூரு என்று ஒவ்வொரு ஊரிலும் பேருந்து நிலையக் கழிப்பறையின் கதவை உடைத்தபோது, உள்ளே பட்டுச் சேலையில் ஒரு பெண் இறந்துகிடந்தாள். உடம்பில் குண்டுமணித் தங்கம் இல்லை. கல்யாணக் கோலத்தில் வந்தவள் எதற்காகப் பூட்டிய கழிப்பறைக்குள் சாக வேண்டும், இதே போலப் பக்கத்து ஊரிலும் ஒருத்தி செத்தாளே என்று ஆறு ஆண்டுகள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. தற்கொலை, இயற்கைக்கு மாறான மரணம், அடையாளம் தெரியாத சடலம் என்று கோப்புகள் தனித்தனியே மூடப்பட்டன. ஊரிலோ, யாரோடோ போய்விட்டாள் என்பதே பேச்சு. அவமானத்துக்கு அஞ்சிய சில குடும்பங்கள் காவல் நிலையப் படியேறவே இல்லை.

2009இல் ஒரு பெண் காணாமல் போனபோது, வேற்று மதத்துக்காரன் கடத்திவிட்டான் என்ற சந்தேகம் கிளம்பி ஊர் திரண்டு காவல்துறையை நெருக்கியது. அதன்பின்தான் கைபேசி அழைப்புகளைத் தோண்டினார்கள், மோகன் சிக்கினான். மதச் சந்தேகம் பொய் என்றானது. அந்தப் பொய் கிளப்பிய கோபம் இல்லாவிட்டால் தேடியிருப்பார்களா என்பதை நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது.

நொய்டாவின் நிதாரியிலும் இதுதான் நடந்தது. கூலித் தொழிலாளிகளின் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். புகாரோடு போன பெற்றோர் விரட்டப்பட்டார்கள். 2006 டிசம்பரில் ஒரு வீட்டை ஒட்டிய சாக்கடையில் எலும்புகள் கிடைத்த பிறகு தொலைக்காட்சிகள் இராப்பகலாக அரக்கன் கதை சொல்லின. முடிவு என்ன? மரண தண்டனை பெற்றவரை 2023இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் 12 வழக்குகளில் விடுவித்தது. கடைசி வழக்கிலும் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுவித்துவிட்டது. விசாரணை அவ்வளவு ஓட்டையாக நடந்திருக்கிறது. அந்தப் பிள்ளைகளைக் கொன்றது யார் என்று இன்று சட்டப்படி யாரையும் கைகாட்ட முடியாது.

இதற்காகத் திரைப்படத்தையோ தொடரையோ தடை செய்யுங்கள் என்று நாம் கேட்கவில்லை. ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிட விடாமல் அதிகாரிகள் தடுக்கப் பார்த்தபோது, 1994இல் உச்ச நீதிமன்றம் பத்திரிகையின் பக்கம் நின்றது. அதிகாரிகள் அஞ்சியதற்குக் காரணம், அவனுக்கும் அதிகார வர்க்கத்துக்கும் இருந்த உறவு அதில் இருந்ததுதான். அதே தீர்ப்பு இன்னொன்றையும் சொன்னது: பாலியல் வன்முறைக்கும் கடத்தலுக்கும் ஆளான பெண்ணின் பெயரையும் நிகழ்வையும் ஊடகங்கள் பரப்பி, அவளை மேலும் இழிவுபடுத்தக் கூடாது. நம் ஊடக உலகம் முதல் பாதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டாம் பாதியை விட்டுவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அவள் துயரத்தைத் தொடராக எடுத்து விற்பது அநியாயம். குடும்பத்தின் சம்மதம் பெறுவதைத் தயாரிப்பாளர்கள் கட்டாயமாக்கிக்கொள்ள வேண்டும். கொலையாளிக்கு ஒதுக்கும் இடத்தில் பாதியையாவது, புகாரை வாங்க மறுத்தவர்களை விசாரிக்கப் பத்திரிகைகள் ஒதுக்க வேண்டும். இந்தப் பத்திரிகைக்கும் அது பொருந்தும்.

அரசு செய்ய வேண்டியது தெளிவு. காணாமல் போன குழந்தைகளின் புகாரில் உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று 2013இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ‘ரெண்டு நாள் பாருங்க, வந்துடுவா’ என்று திருப்பியனுப்பப்படும் வளர்ந்த பெண்களுக்கும் அந்த உரிமை சட்டமாக வேண்டும். அடையாளம் தெரியாத ஒவ்வொரு சடலத்தின் மரபணு மாதிரியும் அடக்கத்துக்கு முன் எடுத்துவைக்கப்பட வேண்டும். அண்டை மாநிலங்களின் காணாமல் போனோர் பட்டியலோடு அது ஒப்பிடப்பட வேண்டும். ஒரே மாதிரியான மரணங்கள் பல ஊர்களில் நிகழ்ந்தால் அவற்றைச் சேர்த்துப் பார்க்கும் பொறுப்பு ஒரு பெயர் சொல்லக்கூடிய அதிகாரியிடம் இருக்க வேண்டும்.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் ஒரு வீட்டுப் பெண் திரும்பி வரவில்லை என்றால், யாரோடு போனாள் என்று பேசாதீர்கள். அவளுடைய அப்பா அம்மாவோடு காவல் நிலையத்துக்குப் போங்கள். புகாருக்கு ரசீது கையில் வரும்வரை கூடவே நில்லுங்கள்.