கட்டம் நமது! கதவு எவனது?

தோழர்களே! 1994இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில், கார் உதிரிபாகங்களைக் கணக்கிடப் பிறந்தது கியூ.ஆர். குறியீடு. காப்புரிமை கையிலிருந்தும் கட்டணம் கேட்கவில்லை அவர்கள்! இன்றோ, "இலவசம்" என்றழைத்து இடைத்தரகன் நுழைகிறான். பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பான். கட்டத்துக்குள் இருப்பதோ நம் முகவரியல்ல, அவன் முகவரி! சந்தா நின்றால், சுவரொட்டி ஆயிரமும் ஊமை. சங்கத்தின் முகவரியையே நேரே குறியீடாக்குங்கள். நாம் அதைக் காக்கும்வரை பேசும்.

நடுவே சின்னம் வேண்டுமா? வையுங்கள், சிறிதாக. பிழைதாங்கும் அளவை உச்சத்தில் நிறுத்தினால், ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்கு சிதைந்தாலும் படிக்கும். ஆனால், மஞ்சள் தாளில் வெள்ளைக் கட்டம் போட்டால் எந்தக் கருவி படிக்கும்? அலங்காரமா, அறிவிப்பா?

சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெறுமை விடுக. திரைக்குரிய சிறுபடத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அச்சில் மங்கும்; அச்சகத்துக்கு எஸ்.வி.ஜி. கோப்பே கொடுங்கள். அச்சேறுமுன், தோழர் எவரிடமேனும் உள்ள பழைய கைபேசியால் படித்துப் பாருங்கள்.