நர்சம்மாவுக்கு வயதாகிறது

பொம்மையார்பாளையத்தில் பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி. அங்கே ஜிப்மர் இருக்கிறது. மாவட்டத்துக்குள் முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. ஆனாலும் காலனிக்குள் நடந்து வருகிற மருத்துவம் நர்சம்மாதான். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் பார்ப்பவரும், பிள்ளைக்குத் தடுப்பூசி தேதியை நினைவூட்டுபவரும் அவர்தான்.

அந்த நர்சம்மாக்களில் பலருக்கு இன்று வயதாகிவிட்டது. மூட்டுவலியோடு தெருத்தெருவாக நடக்கிறார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கிக்கொண்டு பிக்மி பதிவு செய்கிறார்கள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. பக்கத்து நிலையத்தில் ஒருவர் ஓய்வு பெற்று இடம் காலியானால், அந்த ஊர்களும் இவர் தலையில்தான் விழும்.

செவிலியருக்கு வயதாவது உலகச் சிக்கல். ஆறு செவிலியரில் ஒருவர் பத்து ஆண்டுகளுக்குள் ஓய்வு பெறுவார் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. பணக்கார நாடுகள் அந்த இடங்களுக்கு நம் ஊர்ப் பெண்களை அழைத்துக்கொள்கின்றன. அங்கே இளைஞர்கள் போதவில்லை. இங்கேயோ படித்த பெண்கள் நிரந்தர வேலைக்காகக் காத்துக் கிடக்கிறார்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் மருத்துவமனைக்கும் போனாலும் இதே கதைதான். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆயிரக்கணக்கான செவிலியர்களை மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. இரண்டு ஆண்டில் நிரந்தரம் என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள், 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் போராட வேண்டி வந்தது. அன்று 25 வயதில் சேர்ந்தவருக்கு இன்று 35 தாண்டிவிட்டது. கொரோனா காலத்தில் சேர்க்கப்பட்ட தற்காலிகச் செவிலியர்கள் 2022 டிசம்பர் கடைசி நாளோடு அனுப்பப்பட்டார்கள். இடையில் அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. மூத்தவர் ஓய்ந்து உட்கார முடியவில்லை. இளையவர் நிலைத்து நிற்க முடியவில்லை.

இதில் நமக்கென்ன என்று நாம் இருக்க முடியாது. பட்டியல் சாதிக்கு 18, பழங்குடிக்கு 1 விழுக்காடு ஒதுக்கீட்டால் முதல் தலைமுறைப் பெண்கள் அரசு வேலைக்கு வந்த வழிகளில் செவிலியர் பணியும் ஒன்று. தொடாதே என்று ஊர் தள்ளிவைத்த கைகள், ஊராரின் புண்ணைத் தொட்டுத் துடைத்துக் கட்டுப் போடுகின்றன. அந்த வேலையைத் தொகுப்பூதியமாக்கினால், கடன் வாங்கிப் படிக்கவைத்த கூலிக்காரக் குடும்பம்தான் முதலில் சாயும்.

நிதி இல்லை என்பார்கள். காலியிடத்தின் செலவை வேறொருவர் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். பக்கத்தில் பார்க்க ஆளில்லாமல் ஒருநாள் கூலியை விட்டு, பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய் வரிசையில் நிற்கும் நம் பெண்தான் அவர்.

ஓய்வு பெறுபவரின் இடம் அந்த மாதமே நிரம்ப வேண்டும். தொகுப்பூதியத்தில் உழைத்த ஆண்டுகள் பணிக்காலத்தில் சேர வேண்டும். 55 வயதைத் தாண்டியவர்களுக்கு இரவுப் பணியைக் குறைத்து, இளையவர்களுக்குப் பயிற்சி தரும் வேலையைக் கொடுக்கலாம்.

அடுத்த கிராம சபைக்குப் போங்கள். நம் துணை நிலையத்தில் செவிலியர் இடம் நிரம்பியிருக்கிறதா, அவர் எத்தனை ஊரைப் பார்க்கிறார் என்று கேளுங்கள். கல்லூரி மாணவர்களே, அதைத் தீர்மானமாக எழுதிக் கொடுங்கள். நமக்குப் பிரசவம் பார்த்தவர்களுக்காக நாம் கேட்காமல் வேறு யார் கேட்பது?